தம்பட்டமா, பதிலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் சென்ற மாதம் ஒரே நாளில் இரண்டு ஒற்றைப் பத்திச் செய்திகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்திருந்தன. மேலே இருந்ததற்கு ‘நலத்திட்டங்கள்: அமைச்சர் பெருமிதம்’ என்றும், கீழே இருந்ததற்கு ‘மகளிர் குழுத் தலைவி தம்பட்டம்’ என்றும் தலைப்பு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே கண்ணைக் கெடுத்துக்கொண்டவன் நான். தலைப்பைப் பார்த்தால் எழுத்தை எண்ணாமல் இருக்க முடியாது. எண்ணி முடித்ததும் அந்தச் சொல் அந்த இடத்துக்கு உரியதுதானா என்று பார்க்காமலும் இருக்க முடியாது. அன்று அந்த இரண்டு சொற்களையும் தாண்டி என்னால் மேலே படிக்க இயலவில்லை. இரண்டாவது செய்தியில் வரும் கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதால் இதை எழுதும் உரிமை எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அது கோட்ட அளவிலான விவசாயிகள் குறைதீர் கூட்டம். எங்கள் பக்கத்து மதகு ஒன்றின் பலகை இரண்டு ஆண்டுகளாக உடைந்து கிடப்பது குறித்து மனுக் கொடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அந்தப் பெண்மணி, தங்கள் ஊரின் கிளை வாய்க்காலுக்கு ஒரு குழாய்ப் பாலம் கேட்டு வந்திருந்தார். அவர் பேசத் தொடங்கி ஒரு நிமிடம் ஆவதற்குள் பின்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, ‘குழுவுக்குக் கடன் வாங்கத்தான் தெரியும், வாய்க்காலில் ஒரு கூடை மண்ணாவது அள்ளியிருப்பார்களா?’ என்று உரக்கக் கேட்டார். சபையில் சிரிப்பு. அந்தப் பெண்மணி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மடியில் இருந்த துணிப்பையைத் திறந்து, பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்தார். எந்தத் தேதியில் யார் யார் இறங்கினார்கள், எந்த மதகிலிருந்து எந்தச் சிறுபாலம் வரை ஆகாயத்தாமரையை இழுத்துப் போட்டார்கள், நெய்வேலிக் காட்டாமணக்கை வேரோடு பறிக்க எத்தனை நாள் ஆயிற்று, கைக்கு மீறிய ஓரிடத்துக்கு மட்டும் பொக்லைன் வாடகைக்கு வைத்தபோது யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள், டீச்செலவு என்ன என்று வரிசையாகப் படித்தார். ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. ‘சிறப்பாக’, ‘மாபெரும்’, ‘வரலாறு காணாத’ என்று ஓர் அடைமொழி அவர் வாயிலிருந்து வரவில்லை. படித்து முடித்ததும் நோட்டை மூடி, ‘பாலம் வேண்டும் ஐயா’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இதற்குத்தான் தம்பட்டம் என்று பெயர் வைத்திருக்கிறீர்கள். இந்தச் சொல்லின் பொருளையும் வழக்கையும் ஒருமுறை பொறுமையாகப் பார்த்தால், இந்த நிகழ்ச்சிக்கு அது எந்தக் கோணத்திலும் பொருந்தாது என்பது தெரியும்.

தம்பட்டம் முதலில் ஒரு தோற்கருவி. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அதை ஒருவகைப் பறை என்கிறது. தப்பு, தப்பட்டை என்று நம் ஊர்களில் வழங்கும் கருவியின் உறவுதான் அது. கன்னடத்தில் தமட்டெ என்பதும் அந்தக் குடும்பமே. மரத்தால் ஒரு வட்டச் சட்டம், அதன் ஒரு பக்கம் மட்டும் இழுத்து ஒட்டிய தோல், தோளில் மாட்டிக்கொள்ள ஒரு வார். வலக்கையில் குட்டையான தடித்த குச்சி, இடக்கையில் நீளமான மெல்லிய மூங்கில் சிம்பு. பனியில் தோல் தளர்ந்திருந்தால் ஓசை எழும்பாது. அதனால் அடிப்பதற்கு முன்பு வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் தோலைக் காட்டி, விரலால் சுண்டிப் பார்த்து, மறுபடியும் காட்டி, ஒலி கணீரென்று வந்த பிறகுதான் தோளில் ஏற்றுவார்கள்.

1960களில் எங்கள் கிராமத்தில் தெருமுனையில் நின்று அப்படிக் காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு முதியவரை நான் சிறுவனாகப் பலமுறை பார்த்திருக்கிறேன். நான்கு தட்டுத் தட்டிவிட்டு, ‘இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால்’ என்று தொடங்குவார். ஏரி மீன் ஏலம், தீர்வை கட்டக் கடைசி நாள், வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதி, அம்மை ஊசி போட வருகிறவர்கள் பற்றிய தகவல் என்று அவர் அறிவிக்காதது ஒன்றுமில்லை. ஆனால் அவர் சொன்ன செய்தி எதுவும் அவருடையது அன்று. அந்த ஏலத்தில் அவருக்குப் பங்கில்லை. அந்தத் தண்ணீர் பாயும் நிலம் அவருக்கு இல்லை. அவரது சொந்தப் பெயர் என்ன என்பதுகூட எனக்குத் தெரியாது. யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைத்து நான் கேட்டதில்லை. வாழ்நாள் முழுவதும் பிறர் செய்தியையே தட்டிச் சொன்ன ஒருவரின் கருவி, தன் செய்தியைத் தானே கத்திக்கொள்கிறவனைக் குறிக்கும் வசைச்சொல்லாக எப்படி மாறியது என்பது நியாயமாகவே நம்மை உறுத்த வேண்டிய கேள்வி.

ஓசை எழுப்பி அறிவிக்கும் கருவிகளை வைத்து நாம் பேசும் பேச்சில் ஒரு படிவரிசையே இருக்கிறது என்பதைக் கவனித்திருப்பீர்கள். முரசு அறைந்தால் அது அரசாணை. கேட்டவர் பணிய வேண்டும். பறைசாற்றுதல் என்பது எழுத்து வழக்கில் இன்றும் மதிப்பான சொல். ‘இக்கோயில் சோழர் கலையின் சிறப்பைப் பறைசாற்றுகிறது’ என்று எழுதும்போது யாரும் கோயிலைக் குறை சொல்வதாக நினைப்பதில்லை. தண்டோரா போடுதல் அலுவல் சார்ந்தது, நடுநிலையானது. 2022ஆம் ஆண்டு தமிழக அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, ஆளை வைத்துத் தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கலாம் என்று தெரிவித்த பிறகு, கருவி தெருவை விட்டுப் போனாலும் சொல் பேச்சில் நிற்கிறது. டமாரம் அடிப்பவன் அடுத்தவர் ரகசியத்தை ஊரெல்லாம் பரப்புகிறவன். வரிசையின் கடைசியில் நிற்பது தம்பட்டம். எல்லாம் தோலைத் தட்டி எழுப்பும் ஓசைதான். ஆனால் அரண்மனை முரசுக்குக் கிடைத்த மரியாதை சேரித் தப்புக்குக் கிடைக்கவில்லை என்ற பழைய கதை நம் மரபுத்தொடர்களிலும் பதிந்து கிடக்கிறது. இதை விரித்தால் வேறு கடிதமாகிவிடும்.

தம்பட்டம் என்ற சொல்லுக்கு இன்றைய பேச்சில் இரண்டு வேலைகள் உண்டு. அந்த இரண்டையும் பிரித்துக் காட்டுவது அதன் பின்னால் வந்து ஒட்டும் துணைவினை. ‘அவனிடம் சொன்னாயா? ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துவிடுவானே’ என்றால், பரவக் கூடாத செய்தியை, பெரும்பாலும் பிறருடைய செய்தியை, பரப்பிவிடுவான் என்று பொருள். இங்கே பெருமை என்ற பேச்சே இல்லை. இது பழைய தண்டோராக்காரரின் வேலைக்கு மிக நெருங்கிய பொருள். ‘அவன் தம்பட்டம் அடித்துக்கொள்கிறான்’ என்றால்தான் தற்புகழ்ச்சி. ‘விடு’ என்பதை ‘கொள்’ என்று மாற்றியவுடன் ஓசை போகும் திசை மாறிவிடுகிறது. அடிக்கிறவனே அந்த அடிக்குப் பொருளும் ஆகிறான். ‘பீற்றிக்கொண்டான்’, ‘மெச்சிக்கொண்டான்’, ‘பெருமைப்பட்டுக்கொண்டான்’ என்று தற்புகழ்ச்சியைச் சொல்லும் வினைகள் பெரும்பாலும் இந்தக் ‘கொள்’ளின் துணையோடுதான் நடக்கின்றன. தலைப்பில் வெறும் ‘தம்பட்டம்’ என்று பெயர்ச்சொல்லாக நிறுத்தும்போது, இந்தத் துணைவினை உதிர்ந்து போகிறது. ஆனாலும் வாசகர் அதைத் தாமே மனத்துக்குள் சேர்த்துப் படிக்கிறார். சேர்க்கும்போது எப்போதும் கெட்ட பொருளையே சேர்க்கிறார்.

சரி, தற்புகழ்ச்சி என்ற பொருளிலேயே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தச் சொல் எதைக் குற்றம் சாட்டுகிறது என்று பார்க்க வேண்டும். தம்பட்டம் அடித்துக்கொள்கிறவர் சொல்வது பொய்யாக இருக்க வேண்டிய அவசியமில்லை. மகன் நிஜமாகவே மாவட்டத்தில் முதல் மதிப்பெண் வாங்கியிருக்கலாம். அதைப் பால்காரரிடமும் பேருந்து நடத்துநரிடமும் விடாமல் சொன்னால் அது தம்பட்டம். யாரும் கேட்காதபோது, தன்னைப் பற்றி, தேவைக்கு மேற்பட்ட சத்தத்தில் சொல்வதே அதில் உள்ள குற்றம். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தச் சொல் நிற்காது. அந்தப் பெண்மணியிடம் கேள்வி கேட்கப்பட்டது. அவர் தம்மைப் பற்றிச் சொல்லவில்லை, வாய்க்காலில் இறங்கிய எல்லோருடைய பெயரையும் படித்தார். குரலோ, மூன்றாவது வரிசையில் இருந்த நானே காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய அளவில்தான் இருந்தது.

பொய்யைக் குற்றம் சாட்ட வேறு சொற்கள் இருக்கின்றன. முழுப் பொய்க்குப் புளுகு. கொஞ்சம் உண்மையை வைத்துக்கொண்டு இழுத்து நீட்டினால் அளப்பது. இல்லாத அதிகாரத்தை இருப்பதுபோலக் காட்டினால் ஜம்பம். ‘உன் ஜம்பம் இங்கே சாயாது’ என்று அதற்குப் பதில் சொல்வதற்கும் தொடர் தயாராக இருக்கிறது. வாயே திறக்காமல், வண்டியையும் வேட்டிக் கரையையும் பின்னால் வரும் ஆட்களையும் வைத்துச் செய்தால் பந்தா. தலைமையுரை என்று மேடை ஏறி, விழா நாயகரை மறந்து, தாம் பத்தாம் வகுப்பில் பட்ட பாட்டிலிருந்து தொடங்கினால் அது சுயபுராணம். அங்கே குற்றம் நீளத்தில்தான்.

பீற்றிக்கொள்ளுதல் என்பதைப் பற்றி மட்டும் சற்று நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரும் அதைத் தம்பட்டத்தின் மறுபெயராகவே எழுதுகிறார்கள். கிழிசலுக்குப் பீற்றல் என்று பழைய வழக்கு உண்டு. அடுப்படியிலும் திண்ணையிலும் ‘ரொம்பப் பீத்திக்காதே’ என்று சொல்கிறவர்களுக்கு அந்தக் கிழிசல் நினைவில் இருக்காது. ஆனாலும் பீத்தப் பெருமை என்று அவர்கள் சொல்லும்போது, உள்ளே ஓட்டை இருக்கிறது என்ற ஏளனம் அந்தத் தொடரில் ஒட்டிக்கொண்டே வருகிறது. பீற்றல் பெரும்பாலும் உடைமையையும் உறவையும் பற்றியது: மருமகன் வெளிநாட்டில் வாங்கும் சம்பளம், புதிதாக வந்த கார், சித்தப்பாவுக்குத் தெரிந்த அதிகாரி. கேட்பவரும் அதற்குச் சமமான இடத்தில், பெரும்பாலும் சொந்தக்காரராகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். தம்பட்டத்துக்கு ஊர் வேண்டும். பீற்றலுக்கு ஒரு நாத்தனார் போதும். இந்த வேறுபாடு தெரிந்தவர்கள் இரண்டையும் மாற்றிப் போட மாட்டார்கள்.

சவடாலுக்கும் தம்பட்டத்துக்கும் உள்ள வேறுபாடு காலத்தைப் பற்றியது. தம்பட்டம் செய்து முடித்ததைப் பற்றி. சவடால் செய்யப் போவதைப் பற்றி. ‘வரட்டும், ஒரு கை பார்க்கிறேன்’ என்பது சவடால். வந்தவன் போன பிறகு ‘பார்த்தாயா, ஓடிவிட்டான்’ என்பது தம்பட்டம். செய்யப் போவதைச் சொல்வதிலேயே மதிப்பான ஒரு வகையும் நம் மரபில் உண்டு. அதற்கு வஞ்சினம் என்று பெயர். தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் பாடியதாகப் புறநானூற்றில் 72ஆவதாக உள்ள பாட்டு ‘நகுதக் கனரே நாடுமீக் கூறுநர்’ என்று தொடங்குகிறது. தன்னைச் சிறுவன் என்று எள்ளிப் பேசிய பகைவர்களைப் பார்த்து, உங்களை உங்கள் முரசோடு சேர்த்துப் பிடிக்காவிட்டால் என் குடிமக்கள் என்னைக் கொடியவன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதனைத் தலைவனாகக் கொண்ட புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் விடட்டும் என்று அவன் சொல்கிறான். அவன் பேச்சில் ஓர் ‘இல்லையென்றால்’ இருக்கிறது; தோற்றால் தான் இழக்கப் போவது என்ன என்பதைத் தானே முன்வைக்கிறான். சவடாலில் அந்த ‘இல்லையென்றால்’ இருப்பதில்லை. தேர்தல் காலச் செய்திகளில் வரும் ‘சூளுரை’ என்ற சொல்லைத் தங்கள் உதவி ஆசிரியர்கள் இந்த உரைகல்லில் ஒருமுறை உரசிப் பார்த்துவிட்டுப் போடலாம்.

தன்னைப் பற்றித் தானே பேசுவது எப்போது தவறு, எப்போது தகும் என்பதை நம் இலக்கணக்காரர்கள் யோசிக்காமல் விடவில்லை. நன்னூலின் பாயிரப் பகுதியில் பவணந்தியார், எவ்வளவு பெரிய நூலைச் செய்தவனாக இருந்தாலும் ‘தான்தற் புகழ்தல் தகுதி அன்றே’ என்கிறார். அதனால்தான் ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் எழுதும் வேலையை ஆசிரியருக்கும், உடன் கற்றவருக்கும், மாணாக்கருக்கும், உரைகாரருக்கும் ஒதுக்குகிறார். வேறொருவர் கொட்டினால் அது பாயிரம். தானே கொட்டிக்கொண்டால் தற்புகழ்ச்சி. (பின்னட்டையில் தம்மைப் பற்றித் தாமே படர்க்கையில் எழுதி, ‘இவர் தமிழின் முக்கியமான குரல்’ என்று முடிக்கும் இன்றைய எழுத்தாளர்களின் மெய்ப்பை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன். ஒற்றுப் பிழையைத் திருத்த எனக்கு உரிமை இருந்தது, மற்றதற்கு இல்லை.)

ஆனால் பவணந்தியார் அத்தோடு நிறுத்தவில்லை. அடுத்த நூற்பாவிலேயே நான்கு இடங்களில் புலவன் தன்னைப் புகழ்ந்துகொள்வது தகும் என்று விலக்குத் தருகிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய நேரத்தில், எதிரி தன்னைப் பழித்தபோது. அவர் புலவனுக்குச் சொன்னதை வாய்க்கால் வெட்டியவருக்கும் நீட்டலாம் என்றே நினைக்கிறேன். அப்படி நீட்டினால், அந்தப் பெண்மணி அந்த நான்கு இடங்களிலும் ஒரே நேரத்தில் நின்றிருந்தார் என்பது விளங்கும். அவர் கையில் மனு இருந்தது. அவருடைய குழுவின் வேலையை அறியாதவர்களே அறையில் நிறைந்திருந்தார்கள். பாலம் கிடைக்க வேண்டுமானால் அந்த அவையில் அவர் சொல் வென்றாக வேண்டும். ‘மறுதலை பழித்த காலை’ என்று இலக்கணம் சொல்வதோ பின்வரிசையிலிருந்து எல்லோர் காதிலும் விழுந்தது. இலக்கணம் கொடுத்த உரிமையை அவர் முழுதாகப் பயன்படுத்தக்கூட இல்லை. தம்மைப் புகழவே இல்லை, கணக்கைத்தான் படித்தார்.

இனி, மேலே இருந்த செய்திக்கு வருகிறேன். பெருமிதம் என்பது தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்றாக வைத்த சொல். கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை ஆகிய நான்கு காரணங்களால் அது பிறக்கும் என்கிறார். மெய்ப்பாடு என்றால் உள்ளத்தில் எழுவது உடம்பில் தெரிவது. ஆகவே அது கண்டவர் சொல்ல வேண்டிய சொல். அமைச்சரின் உரையில் நிதி ஒதுக்கீட்டுத் தொகைகளும் பயனாளிகளின் எண்ணிக்கையும் இருந்தனவே தவிர, அவர் பெருமிதத்தில் இருந்தார் என்பதற்கான குறிப்பு ஒன்றும் தங்கள் செய்தியில் இல்லை. அவர் பட்டியலிட்டார், நீங்கள் பெருமிதம் என்று போட்டீர்கள். அதே போலத்தான் அந்தப் பெண்மணியும் பட்டியலிட்டார்.

திருக்குறள் தெரிந்த வாசகர் ஒருவர் இங்கே குறுக்கிடலாம். ‘பெருமை பெருமிதம் இன்மை சிறுமை பெருமிதம் ஊர்ந்து விடல்’ என்ற 979ஆம் குறளில் வள்ளுவர் பெருமிதத்தைச் செருக்கு என்ற பொருளில்தானே வைத்திருக்கிறார், அப்படியானால் ‘அமைச்சர் பெருமிதம்’ என்பது பாராட்டுத்தானா என்று அவர் கேட்கலாம். நல்ல கேள்வி. வள்ளுவர் வழியில் படித்தால் தங்கள் நாளிதழ் ஆண்டுக்கு நூறு தடவையாவது ஆளும் தரப்பைச் செருக்குள்ளவர்கள் என்று முதல் பக்கத்திலேயே எழுதிவருகிறது. அவ்வளவு துணிச்சல் தங்களுக்கு இருப்பதாக நான் நம்பவில்லை என்பதைப் பணிவோடு சொல்லிக்கொள்கிறேன். இன்றைய வாசகர் பெருமிதத்தை நல்ல சொல்லாகவும் தம்பட்டத்தைக் கெட்ட சொல்லாகவும்தான் படிக்கிறார். தலைப்பு வைத்தவரும் அப்படி நினைத்துத்தான் வைத்திருக்கிறார்.

அவருக்கு உள்நோக்கம் கற்பிக்க நான் விரும்பவில்லை. ஒற்றைப் பத்தியில் தலைப்புக்குக் கிடைக்கும் அகலம் எவ்வளவு என்பதும், இரவு பக்கம் மூடும் நேரத்தில் மூளை எந்தச் சொல்லை எடுத்துக் கொடுக்கும் என்பதும் எனக்குத் தெரியும். ‘கூறினார்’ என்பது செத்த சொல்லாகத் தோன்றும். அதனால் ஆள் பெயருக்குப் பின்னால் ஓர் உணர்ச்சியை ஒட்டிவிடுவார்கள்: ஆவேசம், காட்டம், சாடல், நெகிழ்ச்சி, திட்டவட்டம், பெருமிதம். எங்கள் அச்சகத்தில் எழுத்துக் கோத்த காலத்தில் இப்படி ஒரு தலைப்பில் ‘மி’ விழ வேண்டிய இடத்தில் ‘ம’ விழுந்து, ஒரு பிரமுகருக்குப் ‘பெருமதம்’ பிடித்துவிட்டது. நான் பிடித்துத் திருத்தாமல் இருந்திருந்தால் மறுநாள் யானையைப் போல வந்திருப்பார். எழுத்துப் பிழையைக் கண் கண்டுபிடித்துவிடும். சொல் தேர்வில் நேரும் பிழை எந்த மெய்ப்பிலும் சிவப்பு மை வாங்குவதில்லை. ஆறு மாதத்து மாவட்டப் பக்கங்களை எடுத்துவைத்து, பெருமிதம் யாருக்குக் கிடைத்திருக்கிறது, தம்பட்டம் யாருக்குக் கிடைத்திருக்கிறது என்று தாங்களே ஒரு மாலைப் பொழுதில் பிரித்துப் பார்க்கலாம். பெருமிதப்பட்டவர்கள் எல்லோரும் காரில் வந்தவர்களாக இருந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அடுத்த குறைதீர் கூட்டத்துக்கு நான் மறுபடி போயிருந்தேன். மதகுப் பலகை இன்னும் மாற்றப்படவில்லை. அந்தப் பெண்மணி வரவில்லை. அவருடைய ஊரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞரிடம் அதே நோட்டு இருந்தது. அக்கா கொடுத்தனுப்பினார்கள் என்றார். ஏன் அவர் வரவில்லை என்று கேட்டேன். ‘பேப்பரில் அப்படிப் போட்ட பிறகு வீட்டில் மாமனார் போக வேண்டாம் என்கிறாராம்’ என்று பதில் வந்தது. இளைஞரின் முறை வந்தபோது அவர் நோட்டைத் திறக்கவில்லை. மனுவை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

செய்தியின் உள்ளடக்கத்தில் பிழையில்லை. தங்கள் செய்தியாளர் அவர் படித்ததைச் சரியாகவே குறித்திருந்தார். தலைப்பில் இருந்த ஒரு சொல்தான் பிழை. ஆகவே அதே மாவட்டப் பக்கத்தில், அதே ஒற்றைப் பத்தி அகலத்தில், திருத்தம் ஒன்று வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘மகளிர் குழுத் தலைவி பதில்’ என்று இருந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்துவிட்டேன்: தம்பட்டம் ஆறு எழுத்து, பதில் மூன்று. இடம் போதவில்லை என்பதற்கு வழியில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர் ஒருவர்,
காவிரிப் படுகை.